ஒரே அமர்வு

"காலரத் திருப்பிப் போடுடி, கருகுது!"

செனைடா கத்திய பிறகுதான் இஸ்திரிப் பெட்டி தன் கையில் இருப்பது ஓதிலியாவுக்கு நினைவு வந்தது. இன்னொரு கையில் போன். வெள்ளைச் சட்டையின் காலரில் காப்பிக் கறை மாதிரி ஒரு பழுப்பு வட்டம் விழுந்திருந்தது.

"மேடையேறப் போற சட்டை! அப்படி என்னடி இருக்கு அந்தப் போன்ல?"

"ஒண்ணுமில்லம்மா. கார எங்க நிறுத்தணும்னு அனுப்பியிருக்காங்க."

"அதுக்கா மூஞ்சி இப்படி வெளிறிப் போச்சு? எடமில்லன்னா ரோட்டுல விட்டுட்டு நடப்போம். நமக்கென்ன கால் இல்லையா?"

செனைடா சட்டையைப் பிடுங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். ஓதிலியா மூலையில் இருந்த கேனைச் சாய்த்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அவர்கள் ஊரான லாஸ் பால்மித்தாஸில் குழாய்த் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும்தான். சுற்றிலும் இருக்கும் பீச் பழத் தோப்புகளுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் கொட்டிய உரம் நாற்பது வருஷமாகக் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. 'கைக்குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்' என்று தபால் நிலைய வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள். பெரியவர்கள் குடிக்கலாமா என்பதைப் பற்றிப் பலகை ஒன்றும் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் தாங்களாகவே புரிந்துகொண்டு கேன் வாங்கினார்கள்.

போனில் வந்திருந்தது கார் நிறுத்தும் விவரம் அல்ல. பல்கலைக்கழகத்தின் பாட ஒப்பீட்டு அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். மிக மரியாதையான கடிதம். அவளுடைய கல்விப் பயணத்தைக் கொண்டாடுவதாகத் தொடங்கி, நடுவில் இரண்டு முறை நன்றி சொல்லி, கடைசியில் அவள் எதிர்காலம் சிறக்க வாழ்த்தியது. அந்த நன்றிகளுக்கு நடுவே ஒரு பத்தி இருந்தது. அவள் முதல் இரண்டு ஆண்டு சமுதாயக் கல்லூரியில் படித்தபோது எடுத்த கரிம வேதியியலின் பாடப்பொருள் தங்களுடையதற்கு நிகரானது; ஆய்வக நேரம் தங்கள் தேவையைவிட வாரத்துக்கு ஒரு மணி அதிகம்; எனினும் வாரத்துக்கு இரண்டு ஆய்வக அமர்வுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஓர் அமர்வு மட்டுமே உள்ளது. எனவே அந்தப் பாடம் கணக்கில் கொள்ளப்படாது. எனவே அடிப்படைத் தகுதி இல்லை. எனவே ஏப்ரலில் கொடுத்த சேர்க்கை ரத்தாகிறது.

ஓதிலியா அதை மூன்று முறை படித்தாள். ஒவ்வொரு முறையும் அந்த 'எனவே'க்கள் அதே வரிசையில்தான் நின்றன.

அமர்வு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். படிவத்தை நிரப்பியவளே அவள்தான். பதினான்காவது வரி: 'வாரத்துக்கு எத்தனை அமர்வுகள்?' கல்லூரியில் அந்த வகுப்பு சனிக்கிழமை மட்டும் நடந்தது, ஏனென்றால் அதில் இருந்த எல்லாருக்கும் வாரநாள் ஐந்திலும் வேலை இருந்தது. ஓதிலியாவுக்கு டோனட் கடை. வேறொருத்திக்கு முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றும் வேலை. காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை ஆறு மணி நேரம் நின்றுகொண்டே சோதனை செய்வார்கள். குடுவை கொதித்துக்கொண்டிருக்கும்போது ஆளுக்குப் பத்து நிமிஷம் மாறி மாறி வெளியே போய் விழுங்கிவிட்டு வருவார்கள். வாரத்துக்கு எத்தனை அமர்வு? ஒன்று. ஓதிலியா 'ஒன்று' என்று எழுதினாள். உண்மையைத்தானே கேட்டிருந்தார்கள்.

"கறை போகல," என்றாள் செனைடா, ஈரச் சட்டையை உதறியபடி. "கழுத்துல முடியை இறக்கி விட்டுக்கோ. யாரும் பாக்க மாட்டாங்க."

ஏப்ரலில் வந்த சேர்க்கைக் கடிதத்தை இந்தச் செனைடா பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பழம் தரம்பிரிக்கும் ஷெட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். பெல்ட்டின் இருபுறமும் நிற்கும் நாற்பது பெண்களும் கையுறையைக் கழற்றிவிட்டு அதைத் தொட்டுப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தாளின் தலைப்பில் இருந்த பொன்னிற முத்திரையை எல்லாருக்கும் பிடித்திருந்தது. பீச் அறுவடை உச்சத்தில் இருக்கும் ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடுப்புக் கேட்பது, ஷெட்டில், வேலையை விட்டுப் போகிறேன் என்று சொல்வதற்குச் சமம். செனைடா கேட்டாள். மேஸ்திரி முறைத்துவிட்டுக் கொடுத்தான். அவனும் அந்த முத்திரையைப் பார்த்திருந்தான்.

இப்படிப்பட்ட அம்மாவிடம், முடி உலர்த்தியின் சூட்டில் சட்டையைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது, ஓதிலியா எதைச் சொல்வாள்? சட்டை காய்ந்தது. போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பல்கலைக்கழகத்துக்கு இரண்டரை மணி நேரம். காரை ஓதிலியா ஓட்டினாள். செனைடா அறுபது மைல் தூரத்துக்குப் பழம் பார்த்துக்கொண்டு வந்தாள். அதன் பிறகு தோப்புகள் முடிந்துவிட்டன, தூங்கிப்போனாள்.

அவர்கள் போன விழா எதற்கென்றால், கோடையில் ஓதிலியா பயிற்சி பெற்ற திட்டம் நிறைவுற்றதற்கு. திட்டத்தின் முழுப்பெயர் ஒரே மூச்சில் சொல்ல முடியாதது என்பதால் 'திறந்த கதவு' என்று சுருக்கியிருந்தார்கள். அறிவியல் படிப்பிலும் ஆராய்ச்சியிலும் அதிகம் காணப்படாத சமூகங்களிலிருந்து சமுதாயக் கல்லூரிப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, எட்டு வாரம் பெரிய ஆய்வகங்களில் வேலை பழக்கி, பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் கொண்டுபோய் நிறுத்துவது நோக்கம். அந்த ஆண்டு பன்னிரண்டு பேர். ஓதிலியாவின் அப்பாவும் அம்மாவும் மெக்சிகோவின் ஒஹாக்கா மலையிலிருந்து வந்த மிஷ்டெக் பழங்குடியினர். பன்னிரண்டு பேரில் மிஷ்டெக் அவள் ஒருத்திதான். ஆகவே அறிவிப்புப் பலகை, கையேடு, இணையப் பக்கம் எல்லாவற்றிலும் அவள் முகம்தான். நுண்ணோக்கியில் கண் வைத்திருக்கிற மாதிரி ஒரு படம். அந்த நுண்ணோக்கி பக்கத்து ஆய்வகத்துடையது. அதை அவள் தொட்டது படம் எடுத்த நான்கு நிமிஷம் மட்டும்தான்.

அவள் இருந்த ஆய்வகத்தில் நுண்ணோக்கி தேவைப்படவில்லை. தண்ணீரில் கரைந்த உர நஞ்சைத் தின்னும் பாக்டீரியாக்களைக் கண்ணாடிக் குழாய்களில் வளர்த்தார்கள். இதற்காகவே பிறந்தேன் என்றுகூட, அதைக் கேட்ட முதல் நாள் நினைத்துக்கொண்டாள். குடுவை கழுவுவதற்கு அங்கே ஒரு தனிக்குழாய் இருந்தது. பதினேழு முறை வடிகட்டிய தண்ணீர் அதில் சும்மா கொட்டும். முதல் வாரம் முழுவதும் அந்தக் குழாயை மூடும்போதெல்லாம் அவள் இரண்டாவது தடவையும் திருகிப் பார்த்துக்கொண்டாள்.

ஆய்வகத்தில் ஒன்பது பேர். கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. எல்லாரும் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். புன்னகைத்துவிட்டு அவரவர் காதுக் கருவியை மாட்டிக்கொண்டார்கள். அவளை 'நம்ம திறந்த கதவுப் பொண்ணு' என்றார்கள். பெயர் உச்சரிக்கச் சிரமம் என்பதால் அல்ல, கேட்கத் தோன்றவில்லை. மதியம் அவர்கள் கூட்டமாகக் கீழே போவார்கள். முதல் நாள் "வர்றியா?" என்று கேட்டார்கள். அவள் டப்பாவில் கொண்டுவந்திருந்ததால் "இல்ல, பரவாயில்ல" என்றாள். இரண்டாம் நாளிலிருந்து கேட்கவில்லை. நான்காம் மாடிப் படிக்கட்டில், தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டு வாரம் சாப்பிட்டாள். அங்கே எதிரொலி நன்றாக இருக்கும். ஒரு நாள் தன் பெயரையே சொல்லிப் பார்த்தாள். படிக்கட்டு அதைச் சரியாகத் திருப்பிச் சொன்னது.

ஐந்தாம் வாரம் ஊருக்குப் போய் வந்தபோது வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கேனில் பிடித்து வந்தாள். ஆய்வகத்தில் கலந்து தயாரித்த தண்ணீரில் சுறுசுறுப்பாகத் தின்ற பாக்டீரியாக்கள், லாஸ் பால்மித்தாஸ் தண்ணீரில் பாதி வேகத்தில் தின்றன. அது பெரிய விஷயம் என்று ஆய்வகத்தை நடத்திய பேராசிரியர் சொன்னார். அவ்வளவு பெரிய விஷயம் என்பதால், அதை விளக்கும் ஆய்வுச் சுவரொட்டியில் ஆறு பேர் பெயர் மேலே ஏறியது. அடியில், நன்றிப் பகுதியில், குளிர்சாதனப் பெட்டி கொடுத்த நிறுவனத்துக்கு அடுத்த வரியில், 'ஒரு திறந்த கதவு மாணவிக்கு' என்று இருந்தது.

இதையெல்லாம் மேடையில் பேசச் சொல்லவில்லை. மேடையில் என்ன பேசுவது என்று பழக்கிக்கொடுக்க ப்ரென்னா என்று ஒரு கதை ஆலோசகர் இருந்தார். மூன்று நிமிஷம்: ஒரு நிமிஷம் கஷ்டம், ஒரு நிமிஷம் திட்டம், ஒரு நிமிஷம் நன்றி.

"நீங்க வயல்ல வேலை பாத்தத முதல்ல சொல்லிடுங்க," என்றார் ப்ரென்னா, ஒத்திகையின்போது.

"நான் வயல்ல வேலை பாக்கலையே. டோனட் கடையில இருந்தேன்."

"டோனட்டா?" ப்ரென்னாவின் பேனா அந்தரத்தில் நின்றது. "அம்மா?"

"ஷெட்டுல பழம் பிரிக்கிறாங்க."

"அது கூரைக்குள்ள இல்ல? வெயில் படாதே?"

"தகரக் கூரை."

"தகரம் பரவாயில்ல," என்று ப்ரென்னா குறித்துக்கொண்டார். "ஆனா டோனட் வேண்டாம். கேக்கிறவங்களுக்குப் பசி வந்துடும், சோகம் வராது. சின்ன வயசுல ஒரு பீச் மரத்தடியில நின்னிருப்பீங்கல்ல?"

"நின்னிருக்கேன்."

"அதுபோதும். அங்கேருந்து ஆரம்பிங்க."

விழா மண்டபத்தின் வாசலில் ஓதிலியாவின் முகம் கதவு உயரத்துக்கு நின்றது. செனைடா அதன் முன்னால் கைகட்டி நின்று, மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தாள்.

"உன் மூக்கச் சின்னதாக்கிட்டாங்க," என்றாள்.

விடுதியை இரண்டு நாள் முன்பே காலி செய்யச் சொல்லிவிட்டதால் பன்னிரண்டு பேரும் அவரவர் ஊரிலிருந்துதான் வந்திருந்தார்கள். விடுதி ஒரு டென்னிஸ் முகாமுக்குத் தேவைப்பட்டதாம். குடும்பத்தாருக்குத் தனி மேசை. நன்கொடையாளர்களுக்கு முன் மேசைகள். குடும்பத்தாருக்குக் காதில் மாட்டிக்கொள்ள மொழிபெயர்ப்புக் கருவி கொடுத்தார்கள். எல்லாம் ஸ்பானிய மொழியில். மெக்சிகோவிலிருந்து வந்தவளுக்கு வேறென்ன மொழி இருக்கப்போகிறது! செனைடாவுக்குத் தெரிந்தது மிஷ்டெக் மொழி. ஸ்பானிய மொழி சந்தைக்குப் போதுமானதாக இருக்கும், விழாவுக்குப் போதாது. அவள் கருவியை மாட்டிக்கொண்டு மரியாதைக்குத் தலையாட்டினாள். விருந்தினர் பண்பாட்டைப் போற்றும் விதமாகச் சோள ரொட்டியை மடித்துச் செய்த டாக்கோ பரிமாறினார்கள். செனைடா ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தாள், வளையவில்லை, உடைந்தது.

"என்னடி இது, பொரிச்ச அட்டையா?"

"சாப்பிடும்மா. நமக்காகத்தான் செஞ்சிருக்காங்களாம்."

"நம்ம மேல அப்படி என்ன கோவம்?"

வேறொரு நாளாக இருந்தால் ஓதிலியா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்று எழுந்து, டாக்டர் லோரிங்கைத் தேடிப் போனாள்.

டாக்டர் லோரிங் திட்டத்தின் இயக்குநர். 'உள்ளடக்கிய மேன்மைக்கான இணைத் துணைத் தலைவர்' என்பது பதவி. முப்பது வருஷம் முன்பு நல்ல வேதியியல்காரராக இருந்தாராம்; இப்போது கைகுலுக்குவதிலேயே காலம் போய்விடுகிறது. ஓதிலியாவின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"நம்ம நட்சத்திரம்! தயாரா?"

"டாக்டர், காலையில ஒரு கடிதம் வந்துச்சு. என் சேர்க்கைய ரத்து பண்ணிட்டாங்க. ஆய்வகம் வாரத்துக்கு ஒரு அமர்வுதானாம்."

அவர் முகத்தில் இரக்கம் தோன்றியது. நன்கு பழகிய இரக்கம்; எங்கே தோன்ற வேண்டும் என்று அதற்கே தெரியும்.

"அடடா. அது பாட ஒப்பீட்டு அலுவலகம். அவங்க வேற, நாங்க வேற. கதவத் திறக்கிறது எங்க வேலை. யார் உள்ள வரலாம்னு பட்டியல் பாக்கிறது அவங்க வேலை."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா…"

"சொன்னா தலையிட்ட மாதிரி ஆயிடும். எல்லாருக்கும் ஒரே விதி, அதுதான சமத்துவம்? நீங்க அந்தப் பாடத்தைக் கல்லூரியில திரும்ப ஒரு தடவை படிச்சிடுங்க."

"தேறின பாடத்தைத் திரும்பப் படிக்கக் கல்லூரி விதியில இடமில்ல, டாக்டர். நான் அதுல முதல் மதிப்பெண்."

"முதல் மதிப்பெண்ணா! அருமை!" என்று அவர் தோளைத் தட்டினார். "எனக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு வையுங்க." அதற்குள் முன் மேசையிலிருந்து யாரோ கையசைத்தார்கள். அவர் கைகுலுக்கப் போய்விட்டார்.

மேடையில் அவள் ஏழாவது ஆள். முன்னால் பேசிய ஆறு பேரும் ஆறு மரத்தடிகளிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒலிபெருக்கியின் முன் நின்றபோது, முடிக்கு அடியில் கருகிய காலர் கழுத்தில் சொரசொரவென்று உரசியது. குடும்ப மேசையில் செனைடா காதுக் கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"முதல் நிமிஷம் கஷ்டத்துக்கு," என்றாள் ஓதிலியா. "என் கஷ்டம் ஒரு படிவத்துல பதினாலாவது வரியில இருக்கு. வாரத்துக்கு எத்தனை அமர்வுன்னு கேட்டாங்க. நாங்க சனிக்கிழமை ஆறு மணி நேரம் நிக்கிறோம். மத்த நாள் எங்களுக்கு வேலை. அதனால ஒண்ணுன்னு எழுதினேன்."

நிறுத்தினாள்.

"ரெண்டுன்னு பொய் எழுதியிருந்தா, இந்த மாசம் நான் இங்க மாணவி. இன்னிக்குக் காலையில என் சேர்க்கை ரத்தாயிடுச்சு. வாசல்ல நிக்கிற படத்துல இருக்கிறது நான்தான். ஆனா அந்தப் பொண்ணு இங்க படிக்கல. ரெண்டாவது நிமிஷமும் மூணாவது நிமிஷமும் எனக்குத் தேவைப்படல."

எல்லாரும் கை தட்டினார்கள். முன் மேசைகள் எழுந்து நின்று தட்டின. நீல மணிமாலை போட்ட ஒரு மூதாட்டி கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். கஷ்டம் வரும் என்று சொல்லி அழைத்திருந்தார்கள், கஷ்டம் வந்தது, அதுவும் இவ்வளவு புத்தம்புதியதாக. இதற்கு மேல் என்ன வேண்டும்? மொழி தெரிந்தவர்கள் யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவளுக்கு மொழி தெரியவில்லை. குடும்ப மேசையில் செனைடா, எல்லாரையும்விடப் பலமாக, தோல் வெடித்த கைகளால் தட்டிக்கொண்டிருந்தாள்.

படியிறங்கும்போது ப்ரென்னா ஓடிவந்தார். "அந்த 'ஒண்ணு'க்கு அப்புறம் நிறுத்தினீங்க பாருங்க, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சிடுச்சு. ஒத்திகையில இது இல்லையே!"

டாக்டர் லோரிங்கின் கண்களும் ஈரமாகத்தான் இருந்தன. "இந்த மாதிரித் தடைகளத்தான் நாம உடைக்கணும்," என்றார்.

"அந்தத் தடை மூணாவது மாடியில இருக்கு, டாக்டர். உங்க அறைக்கு நேர் கீழ."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல நகைச்சுவை உணர்வு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

திரும்பும் வழியில் செனைடா பரிசுப் பையைப் பிரித்தாள். உள்ளே, கதவு முத்திரை போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று. காலி.

"பரவால்ல, கெட்டியா இருக்கு," என்றாள். "அந்தக் கிழவி அழுதாளே, பாத்தியா? அப்படி என்ன பேசின? சரி, எப்ப சேரணும்? போர்வை வாங்கணுமே."

ஓதிலியா சொன்னாள். மிஷ்டெக்கில் 'அமர்வு' என்பதற்குச் சொல் கிடையாது என்பதால் நிறையச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. தோப்புகள் திரும்பவும் தொடங்கும் வரைக்கும் சொன்னாள்.

செனைடா பாட்டிலின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"ஆறு மணி நேரம் நின்னுதான செஞ்ச?"

"ஆமாம்மா."

"அவங்க பிள்ளைங்க எவ்ளோ நேரம்?"

"ரெண்டரை, ரெண்டரை. அஞ்சு."

"அப்புறம் என்ன கேடு?" செனைடாவுக்குக் குரல் ஏறியது. "எங்க ஷெட்டுல வந்து பாக்கச் சொல்லு! பன்னண்டுக்கு மணி அடிச்சா பசிக்குதோ இல்லையோ வெளிய தொரத்திடறான். நேர அட்டையக் குத்து, அரை மணி வெயில்ல நில்லு, திரும்பக் குத்து. காலையில ஒரு ஷிப்டு, மத்தியானம் ஒரு ஷிப்டுன்னு எழுதிக்கறான். அதே பெல்ட்டு, அதே பழம், அதே காலு! ஒரே நாள ரெண்டாக்க அவனுக்குத் தெரியுது, இவ்ளோ படிச்சவங்களுக்குத் தெரியலையா?"

ஊர் வளைவில் திரும்பும்போது செனைடா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, தணிந்த குரலில் சொன்னாள்: "திங்கக்கிழமை கேப்பாளுக. நாப்பது பேரும் கேப்பாளுக. அடுத்த வருஷம்னு சொல்லிக்கறேன். நீ அந்தப் பக்கம் வராத."

செப்டம்பரில் ஓதிலியா கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். படிக்கத்தான் விதியில் இடமில்லை. குடுவை எடுத்துக் கொடுக்க இடம் இருந்தது. வகுப்பெடுத்தவர் மிஸ் பாகாய். மூன்று ஊர்களில் மூன்று கல்லூரிகளில் பகுதிநேரமாகப் பாடம் நடத்துபவர். காரின் பின்சீட்டுதான் அவருடைய அலுவலகம்.

"மிஸ், நேர அட்டவணையில ஒரு மாற்றம் பண்ணலாமா?" என்றாள் ஓதிலியா. "ஒன்பதுலேருந்து பன்னண்டு ஒரு அமர்வு. பன்னண்டரைலேருந்து மூணரை இன்னொண்ணு. நடுவுல எல்லாரும் வெளிய போய், திரும்ப வந்து, ரெண்டாவது தடவை கையெழுத்துப் போடணும்."

மிஸ் பாகாய் அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் பார்த்தார்.

"பன்னண்டு வருஷமா இந்த வகுப்பெடுக்கறேன். எத்தனை பிள்ளைங்களுக்கு இதே கடிதம் வந்திருக்கும்? ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லலையே."

"வெக்கமா இருந்திருக்கும், மிஸ்."

"அது சரி. கொதிக்கிற குடுவைய என்ன பண்றது? பாதியில அணைச்சா எல்லாம் வீண்."

"ஒரு ஆள் உள்ள இருந்து பாத்துக்கணும். நான் இருக்கேன்."

கல்லூரி முதல்வர், மதிய இடைவேளை பற்றிய தொழிலாளர் விதியாக்கும் என்று எண்ணி, படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

முதல் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு, பாதாம் ஆலையில் காவல் வேலை பார்க்கும் சியோங் என்ற முப்பத்தைந்து வயதுக்காரர் முரண்டு பிடித்தார். "எனக்குப் பசியில்ல. சோதனை நல்லா போய்க்கிட்டிருக்கு. எதுக்கு வெளிய போவணும்?"

"போய் அந்த வராந்தாவுல நில்லுங்க அண்ணே, போதும். திரும்பி வரும்போது நீங்க ரெண்டாவது தடவ வந்தவராயிடுவீங்க."

"ரெண்டாவது தடவ வந்தா அறிவு கூடுமா?"

"உங்களுக்கு இல்ல. அவங்களுக்கு."

சியோங் கையுறையைக் கழற்றினார். "போனாப் போகுது. ஆலையிலயும் இப்படித்தான், வெளிய போய்ட்டு வந்தாத்தான் ஆளு உள்ள இருந்ததா ஒத்துக்கறான்," என்று முனகிக்கொண்டே போனார். இருபத்திரண்டு பேரும் அவர் பின்னால் போனார்கள்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில், சியோங்கையும் சேர்த்து அந்தச் சனிக்கிழமை வகுப்பில் நான்கு பேருக்குப் பொன்னிற முத்திரை போட்ட கடிதம் வந்தது. ஆகஸ்டிலும் அது ரத்தாகவில்லை. படிவத்தின் பதினான்காவது வரியில் அவர்கள் 'இரண்டு' என்று எழுதியிருந்தார்கள்; அது பொய்யில்லை.

ரத்தை எதிர்த்து ஓதிலியா போட்ட மேல்முறையீடு இன்னும் பரிசீலனையில் இருந்தது. அவள் படித்த ஆண்டின் அட்டவணையில் ஒன்று என்றுதான் இருக்கிறது, நடந்து முடிந்த ஆண்டின் அட்டவணையை மாற்ற முடியாது என்று கடிதம் வந்தது. பரிசீலனை தொடர்கிறது என்றும் அதே கடிதத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்த சிறிய பல்கலைக்கழகங்களும் பெரியதன் ஒப்பீட்டுப் பட்டியலைத்தான் பார்த்து எழுதின; அங்கேயும் அவளுக்கு இடமில்லை.

மேல்முறையீட்டுக் கடிதம் வந்த வாரத்திலேயே 'திறந்த கதவு' திட்டத்தின் புதுக் கையேடும் வந்தது. 'எங்கள் முயற்சியால் கிராமப்புறக் கல்லூரிகள் தங்கள் ஆய்வக முறையைச் சீர்திருத்தியுள்ளன' என்று டாக்டர் லோரிங் முன்னுரை எழுதியிருந்தார். அட்டையில் ஓதிலியா, நுண்ணோக்கியோடு. கூடவே ப்ரென்னாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல்: போன வருஷப் பேச்சை யாரும் மறக்கவில்லை, இந்த முறையும் வந்து அதையே பேச முடியுமா, அந்த நிறுத்தத்தோடு?

ஓதிலியா ஆய்வகத்தில் நின்றபடியே பதில் அடித்தாள். 'சனிக்கிழமை எனக்கு வகுப்பு இருக்கிறது. என் படத்தை எடுத்துவிடுங்கள்.'

அடித்து முடிக்கவும் மணி பன்னிரண்டாகவும் சரியாக இருந்தது. புது ஆண்டுப் பிள்ளைகள் இருபத்தாறு பேர். ஏன் போகிறோம் என்று தெரியாமலே கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சளசளவென்று பேசிக்கொண்டு வெளியே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. வராந்தாவில் யாரோ சிரிக்கும் சத்தமும், சிப்ஸ் பொட்டலம் கிழிக்கும் சத்தமும் கேட்டன.

உள்ளே பதின்மூன்று குடுவைகள் கொதித்துக்கொண்டிருந்தன. ஓதிலியா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒன்றில் சூட்டைக் குறைத்தாள். இன்னொன்றில் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்தாள். பன்னிரண்டரைக்குக் கதவைத் திறந்து, வருகைப் பதிவேட்டின் இரண்டாம் பக்கத்தைப் பிரித்து வைத்தாள். ஒவ்வொருவராக உள்ளே வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

அவள் போடவில்லை. அவள் வெளியே போகவே இல்லை. அவளுக்கு அது இன்னும் அதே ஒரே அமர்வுதான்.